ஒரே காரீயம், மூன்று எடை

ஈயக்கப்பல் ஓடிய மண் – அத்தியாயம் 9

சென்ற வாரம் பத்தாங் பெர்ஜுந்தையின் அமாங் கொட்டகையில் கதையை நிறுத்தியிருந்தேன். ஈயக்கப்பல் வாரிக் கொட்டிய மண்ணிலிருந்து வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுப்பு மணல்தான் அமாங். வலுவான காந்தத்துக்குக் கீழே அதை ஓடவிட்டால் இல்மனைட் முதலில் தாவி ஒட்டிக்கொள்ளும். மஞ்சளும் பழுப்புமாய், அரைமனதோடு நகர்கிற மணிகள் மோனசைட். மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. அந்தத் தோரியம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாய் அழிந்துகொண்டே இருக்கிறது. அழிந்து முடிந்தால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டுப் போயிருந்தேன்.

காரீயம் ஆகும்.

சரி, எந்தக் காரீயம்?

1914-க்கு முன்பு இந்தக் கேள்வியை எந்த வேதியியலாளரிடம் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். காரீயத்தில் எந்தக் காரீயம், அந்தக் காரீயம் என்றெல்லாம் உண்டா? எந்தச் சுரங்கத்தில் தோண்டினாலும், எந்த நாட்டில் உருக்கினாலும் காரீயம் காரீயம்தான். அதன் அணு எடை 207.2. பிறந்தபோது எழுதிய ஜாதகம் மாதிரி, மாறாத எண்.

அந்த ஜாதகம் பொய்த்த கதை இது. அதற்குள் போவதற்கு முன் எங்கள் தோட்டத்து ஸ்டோருக்கு ஒரு நடை போய்வர வேண்டும். எடை என்பது எவ்வளவு வம்பு பிடித்த சங்கதி என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

*

இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட அந்த ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோன்னியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை 1917-ல் போட்ட இடம். நாடு முழுக்கப் பரவிய செம்பனையின் தாய்வீட்டுக்குத் தென்னமரம் என்று பெயர் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். துரை பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிவிட்டார். நான் வளர்ந்த தோட்டம் அதற்குச் சற்றுத் தள்ளி. என் சிறுவயதில் எங்கள் பக்கம் பாதிக்குமேல் இன்னும் பால்மரம்தான்.

பதினொரு மணி வாக்கில் பால் ஸ்டோருக்கு வரும். அம்மா காண்டாக்கம்பின் இரண்டு பக்கமும் வாளி தொங்க, பால் தளும்பாமல் ஒரு தினுசாக நடந்து வருவார். வாளியைத் தராசில் மாட்டி ராத்தல் பார்ப்பார்கள். அதோடு வேலை முடிந்துவிடாது. பெரிய கிராணி ஒரு குவளைப் பாலை எடுத்துத் தண்ணீர் கலந்து, உயரமான பாத்திரத்தில் ஊற்றி, அதில் ஒரு மிதவையை இறக்குவார். மெட்ரோலாக் என்று அதற்குப் பெயர். மிதவை எவ்வளவு ஆழம் போகிறதோ அதை வைத்துப் பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடலாம். கூலி காய்ந்த ரப்பருக்குத்தான், பாலுக்கு இல்லை.

ஒருநாள் அம்மாவுக்கும் அடுத்த நிரைக்காரம்மாவுக்கும் ஒரே எடை. செக்ரோலில் மட்டும் எண் வேறு. அம்மா விடவில்லை.

"ஐயா, பாலு ஒண்ணு, ராத்தலும் ஒண்ணு. எனக்கு மட்டும் ஏன் கொறையுது?"

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கோபமே வராத மனிதர். "இஞ்ச பார் பிள்ளை, ரப்பர் லேசு. தண்ணிதான் கனம். உன்ர பாலில தண்ணி கூட. ராத்திரி மழை, நான் என்ன செய்யிறது?"

அம்மா மிதவையைப் பார்த்தார். ஒரு விரல்கடை மேலே நின்றது. அந்த ஒரு விரல்கடையில் எங்கள் வீட்டு மீன் காசு போயிற்று. ரப்பர் தண்ணீரைவிட லேசானது என்பதும், ஆகவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழமாய் அமிழும் என்பதும் உண்மைதான். ஆனால் கிராணி மிதவையைச் சரியாகத்தான் பார்த்தாரா என்ற சந்தேகம் அம்மாவுக்குக் கடைசிவரை போகவில்லை. எனக்கும்தான்.

தராசு ஒன்று சொல்லும், மிதவை வேறொன்று சொல்லும். வெள்ளைவெளேரென்று ஒன்றுபோல இருக்கும் இரண்டு வாளிப் பாலுக்குள் கலவை வேறாக இருக்கும். தோட்டத்தில் எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். உலகத்தின் பெரிய பெரிய வேதியியலாளர்களுக்கு இது தெரிய 1914 ஆயிற்று. அவர்களுக்கு அதைக் காட்டிக்கொடுத்த கல், அந்தக் கிராணியின் நாட்டிலிருந்து போனது.

*

யாழ்ப்பாண வேர் கொண்ட கொழும்புக் குடும்பம் ஒன்று. சர் முத்து குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினர், அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர். மனைவி எலிசபெத், கென்ட் நாட்டுப்புறத்து ஆங்கிலப் பெண். 1877 ஆகஸ்ட் 22 அன்று பிறந்த மகனுக்கு ஆனந்த கென்டிஷ் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புமுன் தகப்பன் போய்விட்டார். தாய் பிள்ளையை இங்கிலாந்திலேயே வளர்த்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் நிலவியலும் தாவரவியலும் படித்து 1900-ல் முதல் வகுப்பில் தேறினார் ஆனந்த குமாரசுவாமி.

ஆம், அவரேதான். நடராஜரைப் பற்றி எழுதி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த குமாரசுவாமி. அவருடைய கலை நூல்களை அலமாரியில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் கையில் முதலில் இருந்தது சுத்தியலும் பூதக்கண்ணாடியும் என்று தெரியும்? இருபத்தைந்து வயதைத் தாண்டிய கையோடு, 1903-ல் இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர் ஆனார். அதற்கு முன்பே செரண்டிபைட் என்ற புதிய கனிமம் ஒன்றைக் கண்டெடுத்திருந்தார். இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப்பை அதற்குச் சூட்டினார்கள்.

பலாங்கொடைப் பக்கம் இரத்தினக்கல் அரிக்கிறவர்கள் கூடையில் சரளையை அள்ளி ஆற்றுத் தண்ணீரில் சுழற்றுவார்கள். லேசான மண் ஓடிப்போகும், கனமானது அடியில் தங்கும். எங்கள் பக்கத்தில் டூலாங் தட்டு ஏந்திய பெண்கள் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று ஈயம் அரித்ததும் இதே சூத்திரம்தான். அங்கே அடியில் தங்கியவற்றில் நீலமும் மாணிக்கமும் போக, கறுப்பாய்க் கனசதுர வடிவில் சில மணிகள் இருந்தன. ஈயக்கல்லைவிடவும் கனம். ஹாலண்ட் என்பவர் அவற்றைக் கவனித்துக் கொண்டுவந்தார். யுரேனியக் கனிமமாக இருக்கும் என்றுதான் குமாரசுவாமி முதலில் நினைத்தார். லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட்டில் டன்ஸ்டன் அதைச் சோதித்தார். யுரேனியம் இருந்தது, ஆனால் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான். முக்கால்வாசி தோரியம் ஆக்சைடு. அதுவரை எவரும் கண்டிராத கனிமம். 1904-ல் தோரியனைட் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் தோரியம் என்றால் காசு. காரணம் விளக்கு. தோட்டத்துக் கோவில் திருவிழாவில் கேஸ் லைட் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பட்டுப்பை மாதிரி ஒரு சின்ன வலையைக் கட்டுவார்கள். முதல் தடவை நெருப்பு வைத்ததும் அது சாம்பலாகிவிடும். தொட்டால் உதிர்ந்துபோகும் அந்தச் சாம்பல்தான் அப்புறம் இரவெல்லாம் பாலாய் ஒளி விடும். அது தோரியச் சாம்பல். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஆக்சைடு, மிச்சம் ஒரு பங்கு சீரியம். கண்டுபிடித்தவர் ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். ஐரோப்பியத் தெருவிளக்குகள் அந்த வலையில்தான் எரிந்தன. இந்த விளக்குக்காகத்தான் 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கன்னியாகுமரி மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார், அதுவும் தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து. அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும். பின்னால் பார்ப்போம்.

பலாங்கொடைக் கறுப்புக் கல் விளக்குக் கடைக்கு மட்டும் போகவில்லை. அதில் ஒரு பங்கு, குமாரசுவாமி படித்த அதே யூனிவர்சிட்டி காலேஜுக்கு, சர் வில்லியம் ராம்சே மேசைக்குப் போயிற்று. கல்லைச் சூடேற்றினார்கள். உள்ளேயிருந்து ஹீலியம் வெளிவந்தது, ஒரு கிராம் கல்லுக்கு ஏறக்குறைய 9 கன சென்டிமீட்டர். கல்லுக்குள் வாயு எப்படி வந்தது என்பது இருக்கட்டும். அதைவிட விசித்திரமான ஒன்று கல்லுக்குள் இன்னும் இருந்தது.

*

1904 இலையுதிர் காலத்தில் ஒரு ஜெர்மன் இளைஞர் ராம்சேயிடம் வந்து சேர்ந்தார். வந்தது ஆங்கிலம் கற்றுக்கொள்ள. தொழிற்சாலை வேலைக்கு அந்நிய மொழி வேண்டுமாம். பெயர் ஓட்டோ ஹான். 1938-ல் யுரேனிய அணு பிளந்துபோவதைக் கண்டுபிடிக்கப்போகிற அதே ஹான்தான், ஆனால் அப்போது கதிரியக்கத்தில் அரிச்சுவடி தெரியாது. ராம்சே இலங்கைக் கல்லிலிருந்து வந்த உப்பை ஒரு கிண்ணத்தில் கொடுத்து, "இதில் ரேடியம் இருக்கிறது, பிரித்தெடு" என்றார்.

ஹான் பிரித்தார். ரேடியம் வந்தது, கூடவே தெரியாத ஒன்றும் வந்தது. தோரியத்தைவிடப் பல லட்சம் மடங்கு வீரியம். 1905-ல் ரேடியோதோரியம் என்று பெயர் வைத்து அறிவித்தார். அமெரிக்காவில் போல்ட்வுட் என்ற வேதியியலாளர் நம்பவில்லை. தோரியம்-எக்ஸும் மடத்தனமும் சேர்ந்த கலவை அது என்று நண்பர் ரதர்ஃபோர்டுக்கு எழுதிக் கேலி செய்தார். ஹான் கடல் கடந்து மான்ட்ரியாலுக்கே போய் ரதர்ஃபோர்டை நம்ப வைத்தார்.

ரேடியோதோரியம் இருப்பது நிஜம் என்றானதும் தலைவலி பெரிதாயிற்று. அதைத் தோரியத்தோடு ஒருமுறை கலந்துவிட்டால் மறுபடி பிரிக்க எவராலும் முடியவில்லை. அமிலம், காரம், ஆயிரம் முறை படிகமாக்குதல், எதற்கும் அசையவில்லை. இது ஒன்று மட்டுமா? மீசோதோரியத்தை ரேடியத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. ரேடியம்-டியைக் காரீயத்திலிருந்து பிரிக்க முடியவில்லை. மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டு இந்தக் கடைசி வேலையை ஹெவெசி என்ற ஹங்கேரிய இளைஞரிடம் தள்ளிவிட்டார். நீ உன் சம்பளத்துக்கு லாயக்கென்றால் இதைப் பிரித்துக் காட்டு என்கிற தோரணை. ஹெவெசி இரண்டு வருடம் முட்டிப் பார்த்துத் தோற்றார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. பிரிக்க முடியாது என்றால், காரீயம் எங்கெங்கே போகிறது என்று பார்க்க அதையே ஒற்றனாக அனுப்பலாமே என்று யோசித்து, வேறொரு துறையையே தொடங்கிவிட்டார்.

1912 வாக்கில் கணக்குப் பார்த்தார்கள். காரீயத்துக்கும் யுரேனியத்துக்கும் இடையில் தனிம அட்டவணையில் இருந்தது பத்துப் பதினொரு இடம். கண்டுபிடித்துப் பெயர் வைத்திருந்த கதிரியக்கப் பொருள்கள் நாற்பதை நெருங்கின. பத்து நாற்காலிக்கு நாற்பது விருந்தாளி.

கிளாஸ்கோவில் பிரெடரிக் சாடி ஒரு முடிவுக்கு வந்தார். நாற்காலியைக் கூட்ட வேண்டாம், ஒரே நாற்காலியில் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள். வேதியியல் குணத்தில் அச்சு அசல் ஒன்று, எடையில் மட்டும் வேறு. இதற்கொரு பெயர் வேண்டியிருந்தது. 1913-ல் மாமனார் ஜார்ஜ் பீல்பி வீட்டு விருந்தில் இதைப் பற்றிப் பேச்சு வர, விருந்துக்கு வந்திருந்த மருத்துவர் மார்கரெட் டாட் கிரேக்கத்திலிருந்து ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தார்: ஐசோடோப்பு. ஐசோ என்றால் சமம், டோபோஸ் என்றால் இடம். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம் பெரும்பாலும் ஐசோடோப்பு என்றே எழுதுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்காரர்கள் சமதானி என்றார்கள். சமம், தானம்: ஒரே இடத்தில் இருப்பது. அந்த அம்மாள் கொடுத்த பொருள் ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் தமிழுக்கு வந்திருக்கிறது. மலேசியாவில் நாம் இரண்டையும் விட்டுவிட்டு மலாயில் இசோதோப் என்று படித்தோம்.

பெயர் வைத்தாயிற்று. நிரூபிக்க வேண்டுமே! மணிக்கணக்கில் மறைந்துபோகும் கதிரியக்கப் பொருளையெல்லாம் தராசில் வைக்க முடியாது. கையில் பிடித்து நிறுத்த, நிலையாய் நிற்கும் ஒன்று வேண்டும். சாடி விரலால் கணக்குப் போட்டார். தோரியம் 232. அது அழியும்போது ஆறு ஆல்ஃபா துகள்களைக் கக்குகிறது. ஒவ்வொன்றும் ஹீலியம் அணுவின் எடை, அதாவது 4. ராம்சே கல்லில் வந்த ஹீலியம் எங்கிருந்து என்று இப்போது தெரிகிறதல்லவா? 232-ல் 24 போனால் 208. யுரேனியம் 238. அது எட்டு ஆல்ஃபா கக்குகிறது. 238-ல் 32 போனால் 206. இரண்டும் போய்ச் சேரும் இடம் காரீயத்தின் நாற்காலி.

அப்படியானால் தோரியக் கல்லில் பிறந்த காரீயம் கனமாக இருக்க வேண்டும், யுரேனியக் கல்லில் பிறந்தது லேசாக இருக்க வேண்டும். இதுவரை உலகில் எவரும் பார்த்திராத இரண்டு காரீயங்கள். பார்த்தே தீர்வது என்று இறங்கிய இருவரும் கையில் எடுத்தது இலங்கைக் கல். ஒருவர் சாடி. இன்னொருவருக்கோ, இந்தச் சோதனை ஜெயித்தால் தன் வாழ்நாள் வேலையின் அடித்தளமே ஆட்டம் காணும் நிலை.

*

ஹார்வர்டின் தியோடர் ரிச்சர்ட்ஸ் அணு எடை அளப்பதையே தவமாகச் செய்தவர். சுமார் 25 தனிமங்களின் எடையைத் தசம எண் தசம எண்ணாகத் திருத்தியவர். அவர் ஆய்வகத்தில் தூசு விழுந்தால் தவறு, ஈரம் பட்டால் தவறு. அணு எடை இயற்கையின் மாறிலி என்பது அவர் மதம். அவரிடம் லெம்பர்ட் என்ற இளைஞர் ஜெர்மனியிலிருந்து, அங்கே கதிரியக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஃபயான்ஸ் அனுப்பி, வந்தார். உலகின் பல மூலைகளிலிருந்து வந்த கதிரியக்கக் கற்களின் காரீயத்தைப் பிரித்து, 1914-ல் எடை பார்த்தார்கள். சாதாரணக் காரீயம் 207.15. வட கரோலினா யுரேனியக் கல்லின் காரீயம் 206.40. இலங்கைத் தோரியனைட்டின் காரீயம் 206.82.

ரிச்சர்ட்ஸ் மறுபடி அளந்தார். எண் நகரவில்லை. தவறு தன் தராசில் இல்லை என்பது எவரைவிடவும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். தன் மதத்துக்கு எதிரான சாட்சியைத் தானே எழுதி வெளியிட்டார். அணு எடைகளைத் துல்லியமாய் அளந்ததற்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்ததும் அந்த 1914-ம் ஆண்டுக்குத்தான். எனக்கு இந்தக் கதையில் சாடியைவிட இவரைத்தான் பிடிக்கிறது.

ஆனால் ஒரு நிமிடம். தோரியனைட்டில் முக்கால்வாசி தோரியம். கணக்குப்படி அதன் காரீயம் 208 பக்கம் சாய்ந்து கனமாக அல்லவா இருக்க வேண்டும்? 206.82 என்றால் சாதாரணக் காரீயத்தைவிட லேசு! சாடியின் கணக்குத் தப்பா?

சாடி கையில் இருந்தது இலங்கையின் இன்னொரு கல், தோரைட். இதிலும் தோரியம் மிகுதி. யுரேனியம் மட்டும் மிகக் குறைவு. கல்லை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிப் பிரித்தார்கள். ஹைமன் என்ற உதவியாளரோடு 1914-ல் முதலில் கிடைத்த எண் 208.4. எடுத்தது ஒரு சிட்டிகைக் காரீயம், ஆகவே எவரும் அதைக் கல்லில் எழுதத் தயாராக இல்லை. அதற்குள் போர் வந்துவிட்டது. சாடி அபெர்டீனுக்கு மாறினார். அடுத்து அவர் செய்தது எங்கள் ஸ்டோர் கிராணி செய்த வேலைதான்: எடையை விட்டுவிட்டு அடர்த்தியைப் பார்த்தார்.

அவர் யோசனை இது. இரண்டு காரீயமும் ஒரே நாற்காலி என்றால் அணுவின் பருமன் ஒன்றாகத்தான் இருக்கும். பருமன் ஒன்று, எடை கூட என்றால், ஒரே அளவுக் கட்டியில் தோரைட் காரீயம் கனக்க வேண்டும். 1915-ல் இரண்டையும் தூய்மைப்படுத்தி, உருக்கி, வார்த்து அளந்தார். சாதாரணக் காரீயம் 11.347, தோரைட் காரீயம் 11.376. வித்தியாசம் நூற்றுக்குக் கால் பங்கு. அம்மாவின் மீன் காசைத் தின்ற விரல்கடையைவிடச் சின்ன வித்தியாசம். அதை அணு எடைக்கு மாற்றினால் 207.74. பிறகு, அணு எடை அளப்பதில் ரிச்சர்ட்ஸுக்குச் சளைக்காத ஹோனிக்ஷ்மிட் சாடியின் காரீயத்தை நேரே அளந்தார். வந்தது 207.77.

ஒரே தீவு. ஒரு கல்லின் காரீயம் 206.82, இன்னொரு கல்லின் காரீயம் 207.77. நாம் கடையில் வாங்கும் காரீயம் இரண்டுக்கும் நடுவில், 207.2. நிறம் ஒன்று, உருகும் விதம் ஒன்று, அமிலத்தில் கரையும் விதம் ஒன்று.

தோரியனைட்டின் புதிரும் அதோடு அவிழ்ந்தது. அதில் யுரேனியம் அளவில் கொஞ்சம்தான். ஆனால் தோரியத்தைவிட யுரேனியம் மூன்று மடங்கு வேகமாய் அழிகிறது. பாதி அழிய யுரேனியம் 238-க்கு ஏறக்குறைய 450 கோடி ஆண்டு, தோரியத்துக்கு 1,400 கோடி. கொஞ்சமாய் இருந்தாலும் வேகமாய் உழைத்து, தன் 206-ஐக் கல்லில் நிரப்பிவிட்டது. ஆளைப் பார்த்துக் கூலி போடக்கூடாது, வேலையைப் பார்த்துப் போட வேண்டும்.

*

கதிரியக்கக் கற்களில்தான் இந்த விளையாட்டு, சாதாரணத் தனிமங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று பலர் நிம்மதியாக இருந்தார்கள். போர் முடிந்தது. 1919-ல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன் ஒரு கருவியைக் கட்டினார். அணுக்களை மின்னேற்றி ஓடவிட்டு, காந்தத்தால் வளைத்து, எடைவாரியாகப் படத்தட்டில் கோடு போட வைத்தார். எங்கள் அமாங் கொட்டகைக் காந்தத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குளோரினை ஓடவிட்டார்.

குளோரினின் எடை 35.46 என்பது நூறு வருடத் தலைவலி. எல்லா அணு எடையும் ஹைட்ரஜனின் முழு மடங்குதான் என்று 1815-ல் பிரவுட் சொன்ன அழகான யோசனைக்குக் குறுக்கே விழுந்து படுத்திருந்த எண் அது. ஆஸ்டன் தட்டில் 35.46-ல் கோடே இல்லை. 35-ல் ஒரு கோடு, 37-ல் ஒரு கோடு. நூறு குளோரின் அணுவில் 76 பேர் 35, 24 பேர் 37. நாம் அணு எடை என்று மனப்பாடம் செய்தது, எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாத சராசரி.

செம்பனைத் தோட்டத்தில் இருந்தவர்கள் இதைக் கையால் தொட்டிருக்கிறார்கள். எம்ஓபி என்று எழுதிய சாக்கு, உள்ளே உப்பு மாதிரி சிவந்த பரல்கள். பொட்டாசியம் குளோரைடு. பால்மரத்தை அழித்துச் செம்பனை போட்ட பிறகு அம்மாவுக்கு உரம் போடும் வேலை. இடுப்பில் பேசின், கையில் ஒரு டப்பா, மரத்துக்கு இத்தனை டப்பா என்று கணக்கு. விரல் இடுக்கெல்லாம் எரியும். 50 கிலோ சாக்கில் ஏறக்குறைய 25 கிலோ பொட்டாசியம். அதில் பெரும்பகுதி 39, கொஞ்சம் 41. பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று மேல் 40. அந்த நாற்பதுதான் கதிரியக்கக்காரன். சாக்குக்கு 3 கிராம் வரும். வினாடிக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் அதில் அழிகின்றன. பயப்பட ஒன்றுமில்லை, நம் உடம்பிலேயே பொட்டாசியம் உண்டு, வினாடிக்கு நாலாயிரம் அணு நமக்குள்ளும் அழிகிறது. அழிகிறவற்றில் பத்தில் ஒன்று ஆர்கான் ஆகிறது. நாம் மூச்சு விடும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு ஆர்கான். பெரும்பாலும் இப்படிப் பாறைகளின் பொட்டாசியத்திலிருந்து கசிந்து சேர்ந்ததுதான். ஆர்கானின் எடை 39.95, அட்டவணையில் அதற்கு அடுத்த வீட்டுப் பொட்டாசியம் 39.10. முன்னால் நிற்பவன் கனமாக இருக்கிறானே என்று மெண்டலீவ் வழிவந்தவர்கள் குழம்பியதற்குக் காரணம் இந்தக் கசிவு.

வெள்ளீயத்தைச் சொல்லாமல் போனால் பத்தாங் பெர்ஜுந்தைக்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ஈயக்கப்பல் அள்ளியது வெள்ளீயம். தனிமங்களிலேயே நிலையான சமதானிகள் அதிகம் கொண்டது அதுதான். 112-லிருந்து 124 வரை பத்துப் பேர் ஒரே நாற்காலியில். இங்கே தோண்டினாலும் கார்ன்வாலில் தோண்டினாலும் பொலிவியாவில் தோண்டினாலும் அந்தப் பத்துப் பேரின் விகிதம் அநேகமாய் மாறாது, சராசரி 118.71. 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய வியாபாரத்தையே நிறுத்தி, நம் ஊர்க் கப்பல்களின் தலையெழுத்தை மாற்றினார்களே, அன்றைக்கும் விலைதான் விழுந்தது, எடை 118.71-ல்தான் நின்றது.

காரீயம் அப்படியில்லை. அதன் 206, 207, 208 மூன்றும் எங்கெங்கோ அழிந்த யுரேனியமும் தோரியமும் போட்ட பிள்ளைகள். எந்தப் பாறை, எத்தனை வயது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து விகிதம் மாறும். உலக அணு எடைக் குழுவே கடைசியில் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, 206.14-லிருந்து 207.94 வரை என்று எழுதத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு சுரங்கத்துக் காரீயத்துக்கும் ஒரு கைரேகை. உருக்கினாலும் வார்த்தாலும் அழியாத ரேகை.

இதற்குள் நம் கனிம இயக்குநர் எங்கே போனார்? 1906-ல் இலங்கைக் கனிம ஆய்வுக்காக லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் வாங்கியவர், கல்லைத் தேடிப் போன கிராமங்களில் சிதைந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டு, சுத்தியலை வைத்துவிட்டார். 1917-ல் பாஸ்டன் கலைக்கூடத்துக்குப் போனார். ரிச்சர்ட்ஸின் ஆய்வகத்துக்கும் அந்தக் கலைக்கூடத்துக்கும் நடுவே சார்லஸ் ஆறு ஒன்றுதான். 1918-ல் சிவநடனம் பற்றிய நூல் வந்தது. திருவாசியின் நெருப்பு, தூக்கிய திருவடி, காலடியில் முயலகன், எல்லாவற்றுக்கும் பொருள் சொன்னார். அந்த உலோகம் எந்தச் சுரங்கத்தில் பிறந்தது என்ற கேள்வி மட்டும் அந்த நூலில் இல்லை.

அதைக் கேட்க எழுபது எண்பது வருடம் ஆயிற்று. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளில் செம்போடு வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கின்றன. 1990-களில் சாரதா ஸ்ரீநிவாசன் என்ற ஆய்வாளர், குமாரசுவாமி படித்த, ஹான் கிண்ணத்தை வாங்கிய அதே யூனிவர்சிட்டி காலேஜில் முனைவர் பட்டத்துக்காக இந்த வேலையை எடுத்தார். சென்னையிலும் லண்டனிலும் அருங்காட்சியகத் திருமேனிகளில், கண்ணுக்குப் படாத இடத்தில், மயிரிழைத் துரப்பணத்தால் துளித்துளியாய் உலோகத்தூள் எடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட திருமேனிகள். அந்தத் தூளிலிருந்த காரீயத்தை 206, 207, 208 என்று பிரித்து எண்ணவைத்தார். பல்லவர் காலத்தவை ஒரு கூட்டமாக ஒதுங்கின. சோழர் காலத்தவை இன்னொரு கூட்டமாக.

பிறகு ஒரு நடராஜரின் தூள் கருவிக்குள் போயிற்று. சோழர் காலம் என்று எல்லோரும் சந்தேகமில்லாமல் சொல்லிவந்த திருமேனி. கருவி எண்ணைத் துப்பியது. அந்த எண் சோழர் கூட்டத்தில் உட்கார மறுத்தது.

(தொடரும்)